பாலைவனத்தில் படகு விட்டோம்!

(மூன்றாம் ஆண்டு, சிவில்)

நண்பர்களே, பாலைவனம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? மணல், ஒட்டகம், கானல்நீர். மிஞ்சிப் போனால் சினிமா டூயட்டில் கதாநாயகி ஓடி வரும் ஒரு மணல்மேடு. அந்தப் பாலைவனத்திலும் ஏரி இருக்கிறது, அந்த ஏரியில் படகு ஓடுகிறது, அதிலும் ஐப்பசி மாதத்தில் அங்கே போனால் ஊட்டியும் கொடைக்கானலும் தோற்றுப்போகும் என்று நான் சொன்னால், "யார் காதுல பூ சுத்துற?" என்றுதான் கேட்பீர்கள். சுற்றுலாவுக்குக் கிளம்பும் வரை நாங்களும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இறுதியாண்டு கல்விச் சுற்றுலாவுக்கு ஊர் தேர்ந்தெடுப்பது என்பது ஒரு சட்டமன்றத் தேர்தல் மாதிரி. எங்கள் வகுப்பில் கோவா கட்சி, மணாலி கட்சி என்று இரண்டு அணி. கோவா கட்சியின் ஒரே கொள்கை: "போட்டிங் போகணும்." கடைசியில் எங்கள் துறைத் தலைவர் எழுந்து, "போட்டிங்தானே வேணும்? ஜெய்சல்மேர் போகலாம்" என்றார்.

"சார், அங்க தண்ணியே கிடையாதே சார்!"

"அதுக்குத்தான்யா போறோம். தண்ணி இல்லாத ஊர்லதான் தண்ணியைப் பத்திப் படிக்கணும்."

இரண்டு கட்சிக்கும் டெபாசிட் காலி!

காலாண்டுத் தேர்வு, ரெக்கார்டு நோட்டு, வீட்டில் பணம் கேட்கும் படலம் எல்லாம் முடிந்து, அக்டோபரில் சென்னையிலிருந்து ஜோத்பூர் ரயில் ஏறினோம். ஏன் அக்டோபர்? அதற்கும் காரணம் உண்டு. தார் பாலைவனத்துக்கு மழை தருவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவக்காற்றுதான். ஜூலையில் தொடங்கி செப்டம்பர் நடுவில் ஏறக்குறைய முடிந்துவிடும். கோடையில் போனால் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். டிசம்பர், ஜனவரியில் இரவுக் குளிர் எலும்பைத் தொடும். ஆனால் மழை முடிந்து ஏரி நிரம்பி, வானம் கழுவித் துடைத்த தாம்பாளம் போல இருக்கும் மாதம் அக்டோபர். வடக்கே சரத் ருது என்கிறார்கள். நம்மூரில் மழை தொடங்கும் நேரம், அங்கே மழை முடிந்த நேரம். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரனான எனக்கு இந்த வித்தியாசம் பெரிதாகப் பட்டது. எங்கள் பக்கம் ஐப்பசியில் எல்லோரும் வானத்தைத்தான் பார்ப்பார்கள். அங்கே எல்லோரும் ஏரியைப் பார்த்தார்கள்.

முதல் ஏரி, கயலானா

ஜோத்பூர் நகரத்துக்கு மேற்கே சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கயலானா ஏரி. 1872-ல் பிரதாப் சிங் காலத்தில் கட்டப்பட்டது. சுற்றிலும் செம்பழுப்பு நிறத்தில் எரிமலைப் பாறைக் குன்றுகள். அந்த மொட்டைப் பாறைகளுக்கு நடுவில் நீலநிறத்தில் தண்ணீர்! யாரோ வானத்தில் ஒரு துண்டை வெட்டி அங்கே போட்ட மாதிரி.

மாலை நான்கு மணிக்குப் படகு ஏறினோம். கரையில் அனல். படகு நூறு அடி உள்ளே போனதும் காற்று குளிர்ந்துவிட்டது. பாறைகள் சாயங்கால வெயிலில் சிவந்து, பிறகு ஊதா நிறமாகி, கடைசியில் கறுத்துப்போனதை நாங்கள் முப்பத்தெட்டு பேரும் சத்தமே இல்லாமல் பார்த்தோம். எங்கள் வகுப்பு சத்தமில்லாமல் இருந்த முதல் அரை மணி நேரம் அதுதான் என்று கூட வந்த விரிவுரையாளர் சார் சாட்சி சொல்வார்.

கரைக்கு வந்ததும் சார் கேட்ட கேள்விதான் எங்களை உலுக்கியது. "சரிப்பா, இந்தத் தண்ணி எங்கேயிருந்து வந்துச்சு?"

"மழைத்தண்ணி சார்."

"பாதி ரைட்டு. கட்டினப்போ மழைத்தண்ணி. இப்போ இதுல கிடக்கிறது இமயமலைத் தண்ணி!"

பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் சேருமிடத்தில் ஹரிகே என்று ஓர் அணை. அங்கே தொடங்கும் இந்திரா காந்தி கால்வாயின் தண்ணீர்தான் கிளைக்கால்வாய் வழியாக, பம்பு வைத்து ஏற்றப்பட்டு, கயலானாவுக்கு வந்து ஜோத்பூர் மக்களின் குழாயில் இறங்குகிறது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தங்கத் தண்ணீர்

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கு ரயிலில் ஐந்தாறு மணி நேரம். 1156-ல் ராவல் ஜெய்சல் கட்டிய கோட்டை. மஞ்சள் மணற்கல்லில் கட்டியதால் காலை வெயிலில் ஊரே தங்கமாக மின்னும். அந்தக் கோட்டைக்குக் கொஞ்ச தூரத்தில் கடிசர் ஏரி.

காலை ஆறரை மணி. ஏரிக்குப் போகும் வழியில் ஒரு பெரிய கல்வாசல். 'தீலோன் கி போல்' என்று பெயர். தீலோன் என்ற ஒரு தாசி தன் சொந்தப் பணத்தில் கட்டியதாம். "அவள் கட்டிய வாசல் வழியாக ராஜா போவதா?" என்று அரண்மனையில் எதிர்ப்பு வந்ததாம். அவள் என்ன செய்தாள் தெரியுமா? வாசலுக்கு மேலே ஒரு கிருஷ்ணன் கோயிலைக் கட்டிவிட்டாள். கோயிலை யார் இடிப்பார்கள்? கதை எவ்வளவு உண்மையோ, மூளை அபாரம்!

வாசலைத் தாண்டினால் ஏரி. தண்ணீருக்கு நடுவிலேயே மஞ்சள் கல் மண்டபங்கள் நிற்கின்றன. கரையெல்லாம் படித்துறை. துடுப்புப் படகும் உண்டு, காலால் மிதிக்கும் படகும் உண்டு. கோவா கட்சிக்காரர்கள் மிதிபடகில் ஏறி ரேஸ் விட்டார்கள். நாங்கள் ஐந்து பேர் ஒரு துடுப்புப் படகில் ஏறினோம். படகோட்டி அறுபது வயதைத் தாண்டிய பெரியவர். தலையில் ஆரஞ்சு நிறத்தில் பெரிய முண்டாசு. எங்களில் ஒருவன் பட்டாளத்து வீட்டுப் பிள்ளை, ஹிந்தி பேசுவான். அவன்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்புத் துறை.

படகு மண்டபத்தைச் சுற்றி மெதுவாகப் போனது. மண்டபத்தின் நிழல் தண்ணீரில் விழுந்து, துடுப்பு படும்போதெல்லாம் உடைந்து மறுபடி சேர்ந்தது. படிக்கட்டில் யாரோ ரொட்டித் துண்டு போட, கெளுத்தி மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வாயைத் திறந்தன. தூரத்தில் கோட்டை. இதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், நேரில் வந்தால் காட்டுகிறேன்.

நான் நண்பனிடம், "பெரியவரைக் கேளுடா, இந்த ஏரி ஆழம் எவ்வளவு?" என்றேன். சிவில்காரனுக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்? பெரியவர் ஆழத்தைச் சொல்லவில்லை. கரைக்கு அப்பால் தெரிந்த கட்டாந்தரையைக் கையால் காட்டி ஏதோ சொன்னார். நண்பன் மொழிபெயர்த்தான்: "ஏரி இங்க இல்லையாம்டா. அந்தத் தரைதான் ஏரியாம். இது வெறும் பாத்திரமாம்."

அப்போது எங்களுக்கு அது ஏதோ தத்துவம் மாதிரி இருந்தது. மதியம் சார் தரையில் குச்சியால் படம் போட்டு விளக்கியபோதுதான் புரிந்தது.

ஒரு சின்னக் கணக்கு

ஜெய்சல்மேரில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. நம்மூரில் ஒரு புயல் வந்தால் ஒரே நாளில் பெய்துவிடும் அளவு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஆயிரம் கனமீட்டர், அதாவது பத்து லட்சம் லிட்டர்! அதில் கால்பங்கு மட்டும் ஓடி வந்தாலும் இரண்டரை லட்சம் லிட்டர். நூறு ஹெக்டேர் சரிவு இருந்தால் இரண்டரைக் கோடி லிட்டர்.

இன்னொரு விஷயம். ஜெய்சல்மேரைச் சுற்றி எல்லா இடமும் மணல் இல்லை. பெரும்பகுதி கல்லும் பாறையுமான கெட்டித்தரை. தண்ணீரை உறிஞ்சாது, ஓட விடும். அந்தச் சரிவின் கீழ்முனையில் கரை போட்டால் ஏரி ரெடி! மழை தரும் சரிவுக்கு அங்கே 'ஆகோர்' என்று பெயர். ராஜஸ்தானில் பழைய நாளில் ஆகோருக்குள் செருப்புப் போட்டு நடக்கமாட்டார்கள், மலஜலம் கழிக்கமாட்டார்கள். மழைக்கு முன்னால் கூட்டிப் பெருக்கி வைப்பார்கள். வீட்டுக் கூரையைச் சுத்தம் செய்வது மாதிரி ஒரு நிலப்பரப்பையே சுத்தமாக வைத்திருந்தார்கள். படகோட்டிப் பெரியவர் கை காட்டியது இதைத்தான்.

இந்த ஏரியைக் கட்டியவர் பதினான்காம் நூற்றாண்டில் ஆண்ட மகாராவல் கட்சி சிங். வேலை நடக்கும்போதே அவர் கொல்லப்பட்டார் என்றும், ராணி விமலா உடன்கட்டை ஏறாமல் இருந்து ஏரி வேலையை முடித்தார் என்றும் கதை சொல்கிறார்கள். அனுபம் மிஸ்ரா என்பவர் 1993-ல் குளங்களைப் பற்றி ஹிந்தியில் எழுதிய 'ஆஜ் பீ கரே ஹைன் தாலாப்' என்ற புத்தகத்தில் இந்த ஏரியைப் பற்றி விரிவாக வருகிறது. பட்டாளத்து வீட்டு நண்பன் அதைப் படித்துவிட்டு எனக்குச் சொன்ன ஒரு செய்தியில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கடிசர் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வீணாகப் போகாது. அடுத்த குளத்துக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. நௌதால், கோவிந்த்சர், ஜோஷிசர், குலாப்சர் என்று ஒன்பது குளங்கள் சங்கிலியாக! பாலைவனத்தில், ஏரி நிரம்பி வழியும் என்று நம்பி, வழிந்தால் எங்கே போகவேண்டும் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள்!

நண்பர்களே, இது நமக்குத் தெரியாத விஷயமா? ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கண்மாய்கள் எப்படி இருக்கின்றன? மேலக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் கீழக் கண்மாய், அது கலுங்கு வழியாக அடுத்த ஊர்க் கண்மாய். அதே சங்கிலி. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ராஜபுதனத்துக்காரன் போட்ட கணக்கும், இந்தப் பக்கம் நம் பாட்டன் போட்ட கணக்கும் ஒன்றே. இரண்டு பேரும் பாலிடெக்னிக் படிக்கவில்லை!

இமயமலைத் தண்ணீர்

இப்போது அந்தக் கால்வாய்க் கதைக்கு வருவோம். 1948-ல் கன்வர் சேன் என்ற பொறியாளர் யோசனை சொல்லி, 1958-ல் வேலை தொடங்கிய திட்டம் இது. அப்போது ராஜஸ்தான் கால்வாய் என்று பெயர். 1984-ல் இந்திரா காந்தி மறைந்த பிறகு பெயர் மாறியது. ஊட்டுக்கால்வாய் 204 கிலோமீட்டர், முதன்மைக் கால்வாய் 445 கிலோமீட்டர், ஆக மொத்தம் 649 கிலோமீட்டர். நம்மூரில் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை ரோடு போட்டால் எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரத்துக்கு ஓர் ஆற்றை மனிதன் வெட்டியிருக்கிறான்! ஒரு சிவில்காரனாக எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது என்றால் மிகையாகாது. அந்தத் தண்ணீர் வந்ததால் கோதுமை விளைந்தது, பருத்தி விளைந்தது, பெண்கள் குடத்தோடு மைல்கணக்கில் நடப்பது குறைந்தது. இன்று கடிசரிலும் கால்வாய்த் தண்ணீர்தான் கைகொடுக்கிறது. அக்டோபரில் எங்கள் படகு மிதந்ததற்கு அதற்கும் ஒரு கும்பிடு போடவேண்டும்.

ஆனால் எந்த வரவுக்கும் ஒரு செலவு உண்டு. கால்வாயின் மேல்பகுதியில் ஹனுமான்கட் பக்கம் பல கிராமங்களில் தரைக்கடியில் தண்ணீரை இறங்கவிடாத ஜிப்சம் படிவம் இருப்பதால், பாய்ச்சிய தண்ணீர் வடியாமல் தேங்கி வயல்கள் சதுப்பாகிப் போயின. பராமரிப்புக்காகக் கோடையில் கால்வாயை மூடும் வாரங்களில் நகரங்கள் தவிக்கின்றன. தூரத்துத் தண்ணீரை நம்பியவன், தூரத்தில் என்ன நடந்தாலும் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல என்று சார் சொன்னார். அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே கிளென் கான்யன் அணையைக் கட்டி 1963-ல் நீரைத் தேக்கத் தொடங்கினார்கள். சிவப்புப் பாறைப் பள்ளத்தாக்கில் 'லேக் பவல்' என்று ஒரு மாபெரும் பாலைவன ஏரி உருவானது. 1869-ல் ஒற்றைக் கையோடு அந்த ஆற்றில் படகு விட்டு ஆராய்ந்த ஜான் வெஸ்லி பவல் பெயரையே அதற்கு வைத்தார்கள். இலையுதிர் காலத்தில் அதில் படகுவீட்டில் தங்கச் சுற்றுலாப் பயணிகள் குவிவார்களாம். அந்த ஏரி நிறைய 17 ஆண்டு ஆனது. 1980-ல்தான் நிறைந்தது. பிறகு தொலைதூர மலைகளில் பனி குறைந்து, வறட்சி நீண்டு, 2023 தொடக்கத்தில் வரலாறு காணாத அளவுக்கு நீர்மட்டம் இறங்கியது. பல படகுத்துறைகள் தண்ணீருக்கு எட்டாமல் நின்றன. எவ்வளவு பெரிய அணையாக இருந்தால் என்ன, பாத்திரம்தான் பெரிசு. மழை தரும் மலை நம் கையில் இல்லையே!

எங்கள் ஊர் ஊரணி

இனி என் சொந்தக் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களைப் படகில் ஏற்றி வந்தேன்.

எங்கள் ஊரில் ஒரு குடிதண்ணீர் ஊரணி உண்டு. ஒரு காலத்தில் அதில் மாடு இறங்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது, கால் நனைக்கக்கூடாது. என் அப்பத்தா தேத்தாங்கொட்டை உரசித் தெளியவைத்துத்தான் அந்தத் தண்ணீரைக் குடத்தில் ஊற்றும். பிறகு ஊருக்குக் குழாய் வந்தது. நல்ல விஷயம்தான், என் அம்மாவின் இடுப்பு வலி அதனால்தான் குறைந்தது. ஆனால் குழாய் வந்ததும் ஊரணியை எல்லோரும் மறந்தோம். கருவேலம் முளைத்தது. பெருமழை பெய்த வருடத்தில்கூட ஊரணி நிறையவில்லை. "அது செத்துப்போச்சுப்பா, அதை மேவிட்டுச் சமுதாயக் கூடம் கட்டலாம்" என்று பேச்சு எழுந்து, ஏறக்குறைய முடிவாகும் நிலை.

சுற்றுலாவிலிருந்து வந்ததும் நாங்கள் நான்கு பேர் எங்கள் ப்ராஜெக்ட் தலைப்பை மாற்றினோம். லேப்பில் டம்பி லெவலும் ஸ்டாஃபும் அனுமதியோடு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனோம். இரண்டு நாள் வரத்துக்காலை மேலேயிருந்து கீழே வரை லெவல் எடுத்தோம். ஊர்ச் சின்னப் பையன்கள் ஸ்டாஃபைப் பிடிக்கச் சண்டை போட்டார்கள். ரீடிங்கை எல்லாம் குறைத்துப் பார்த்தபோது வந்த விடை என்ன தெரியுமா?

ஊரணி சாகவில்லை! வரத்துக்காலின் குறுக்கே எப்போதோ ஒரு ரோடு போட்டிருக்கிறார்கள். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகக் குழாயும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் குழாயின் அடிமட்டம் வாய்க்காலின் அடிமட்டத்தைவிட ஒன்றரை அடி உயரம். அவ்வளவுதான். மழைத்தண்ணீர் ஒன்றரை அடி ஏறுவதற்குள் பக்கத்துப் பொட்டலில் வழிந்து ஓடிவிடுகிறது. ஒன்றரை அடி, ஒரு ஊரணியை ஊருக்கே செத்ததாகக் காட்டிவிட்டது!

அப்பத்தாவிடம் சொன்னேன். "இதுக்கு மிசினு வச்சுப் பாக்கணுமாய்யா? ரோடு போட்ட வருசத்துலருந்துதான் தண்ணி வரலன்னு நான் கத்திக்கிட்டுல்ல கெடக்கேன். கெழவி பேச்சை எவன் கேட்டான்?" என்றது. பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "கொழாத்தண்ணி நல்ல தண்ணிதான். ஆனா அது விருந்தாளி. வந்தா வரும், வராட்டிப் போகும். ஊரணித் தண்ணி வீட்டு மனுசன்ய்யா" என்றது.

ஜனவரி 26 கிராமசபைக் கூட்டத்தில் எங்கள் டிராயிங்கை விரித்து வைத்தோம். எனக்குக் கால் நடுங்கியது உண்மை. கிராமத்துக் குளங்களை ஆக்கிரமிக்கக்கூடாது என்று 2011-ல் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் சார் எழுதிக் கொடுத்திருந்தார், அதையும் படித்தேன். எல்லோரும் கைதட்டிவிடவில்லை. "கூடம் வந்தா கல்யாணத்துக்கு ஆகும், ஊரணி எதுக்கு ஆகும்?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான், கல்யாணத்துக்கு டவுனுக்குப் போய் மண்டபம் பிடிக்கும் செலவு அவர்களுக்குத்தானே தெரியும்! கடைசியில், கூடத்துக்கு வேறு புறம்போக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பது, மே 1 கிராமசபையில் முடிவெடுப்பது என்று தீர்மானம் ஆனது. இந்த மலர் அச்சாகும்போது முடிவு எனக்குத் தெரியாது. குழாயை இறக்கி வைத்தால் அடுத்த ஐப்பசியில் தண்ணீர் வரும் என்று மட்டும் லெவல் புத்தகம் சொல்கிறது.

தம்பி தங்கைகளே, நாளை நம்மில் பலர் ஓவர்சீயர் ஆவோம், சைட் சூப்பர்வைசர் ஆவோம், காண்ட்ராக்டர் ஆவோம். 649 கிலோமீட்டர் கால்வாய் வெட்டும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் ரோட்டுக்கு அடியில் ஒரு குழாய் பதிக்கும் வேலை கட்டாயம் கிடைக்கும். அன்று சாயங்காலம் ஆகிவிட்டது, மேஸ்திரி அவசரப்படுகிறார் என்று கண்ணளவில் வைத்துவிடாதீர்கள். வாய்க்கால் அடிமட்டத்துக்கு ஒரு ரீடிங் எடுங்கள். அந்த ஒரு ரீடிங்கில் ஓர் ஊரின் தண்ணீர் இருக்கிறது.

மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்களே, சிரிக்காதீர்கள்! கயலானாவுக்குத் தண்ணீர் ஏற்றுவது உங்கள் பம்பும் மோட்டாரும்தான். உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

அடுத்த ஆண்டு ஜூனியர்களே, கல்விச் சுற்றுலாவுக்குக் கோவா கட்சி மறுபடி கொடி பிடிக்கும். நீங்கள் அக்டோபரில் ஜெய்சல்மேர் போங்கள். படகுக்கூலியைப் பேரம் பேசுங்கள், ஆனால் முண்டாசு கட்டிய பெரியவரிடம் பேரம் வேண்டாம். எங்கள் கணக்கில் அவருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.